இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்: புத்தகத்தால் தூக்கம் கெடுகிறவர்கள் இங்கே உண்டா?

மூன்றாம்ஜாமம் | செவ்வாய், காலை 7:52

நேற்று இரவு விளக்கை அணைத்தபோது மணி 2:40. காலை 6:30க்கு அலாரம். இது ஒரு நாள் கூத்து என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். ஒரு வருடமாக வாரத்தில் நாலு நாள் இப்படித்தான் போகிறது.

பதினொன்றுக்குப் புத்தகத்தோடு படுக்கையில் சாய்கிறேன். பன்னிரண்டுக்கு மூடிவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பன்னிரண்டு ஆகும்போது அத்தியாயம் முடிய ஏழு பக்கம் இருக்கும். சரி, அதையும் முடித்துவிடலாம் என்று முடித்தால், கடைசிப் பத்தியில் யாராவது கதவைத் தட்டியிருப்பார்கள். தட்டியது யார் என்று தெரியாமல் எப்படிப் படுப்பது?

தூக்கம் வராததால் படிக்கிறவள் இல்லை நான். தூக்கம் நன்றாகவே வருகிறது. கண் சொருகுகிறது, ஒரே பத்தியை மூன்று முறை படிக்கிறேன், புத்தகம் மூக்கின் மேல் விழுந்து விழித்திருக்கிறேன். விழித்து, விட்ட வரியைத் தேடிப் பிடித்து மறுபடி படிக்கிறேன்!

எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. போன வாரம் பற்றில் எழுத வேண்டிய ஒரு தொகையை வரவில் எழுதிவிட்டு, வித்தியாசம் எங்கே என்று மாலை வரை தேடினேன். கடைசியில் கண்டுபிடித்தது பக்கத்து மேசைக்காரர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் யாரும் திட்டுவதில்லை. இதே இரண்டரை மணி வரை போனில் வீடியோ பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார்கள். புத்தகம் என்றதும், 'நல்ல பழக்கம்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இது இவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. யாருக்காவது இது இருந்து, விட்டது உண்டா?

காகிதப்பூச்சி | செவ்வாய், காலை 8:20

எதில் படிக்கிறீர்கள்? போன், டேப்லெட் என்றால் குற்றவாளி அந்த நீல வெளிச்சம்தான். அச்சுப் புத்தகத்துக்கு மாறுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மூன்றாம்ஜாமம் | செவ்வாய், காலை 8:31

அச்சுப் புத்தகம்தான். தலைமாட்டில் சின்ன மஞ்சள் விளக்கு.

காகிதப்பூச்சி | செவ்வாய், காலை 8:33

அப்படியானால் என் வழக்கு தள்ளுபடி.

இரவுப்பணி | செவ்வாய், பகல் 1:15

செவிலியாக இருக்கிறேன், பாதி மாதம் இரவு வேலை. தூக்கம் என்பது எனக்குத் தொழில் பிரச்சினையும்கூட, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். காகிதப்பூச்சி சொன்னது முழுப் பொய் இல்லை. நம் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை 480 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளிக்குத்தான் அதிகம் அசைகின்றன. அந்த ஒளி பட்டால், இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகிறது. 2014 கடைசியில் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரை, படுப்பதற்கு முன் நாலு மணி நேரம், ஐந்து இரவுகள் ஒளிரும் திரையிலும் ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படிக்க வைத்தார்கள். திரையில் படித்த இரவுகளில் மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாகப் போட்டன. ஆனால் தூங்குவதற்குக் கூடுதலாக எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? சராசரியாகப் பத்து நிமிடம். அதுவும் முழு வெளிச்சத்தில், நாலு மணி நேரம் விடாமல் பார்த்த பிறகு.

மூன்றாம்ஜாமம் இழப்பது இரண்டு மணி நாற்பது நிமிடம். நீங்கள் கணக்கர், நீங்களே சொல்லுங்கள்: பத்து நிமிடத்தை விளக்கின் கணக்கில் எழுதினாலும் மீதியை யார் கணக்கில் எழுதுவது?

இரண்டாவது, 'பழகிவிட்டது, நாலு மணி நேரத் தூக்கம் எனக்குப் போதும்' என்கிறவர்களுக்காக. 2003இல் வந்த ஓர் ஆய்வில் 48 பேரைப் பிரித்து, இரண்டு வாரம் சிலருக்கு எட்டு மணி நேரம், சிலருக்கு ஆறு, சிலருக்கு நாலு என்று தூங்கவிட்டு, தினமும் கவனத்தைச் சோதித்தார்கள். ஆறு மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் தூங்கியவர்கள் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனார்கள். கடைசியில் ஓரிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் 'எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது' என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் பெரிதாக மாறவே இல்லை. தள்ளாடுகிறவருக்குத் தான் தள்ளாடுவது தெரியவில்லை. உங்கள் பற்று வரவு குழப்பம் பக்கத்து மேசைக்காரர் கண்ணில்தான் முதலில் பட்டது, பாருங்கள்.

அதிகாலை | செவ்வாய், பகல் 2:05

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? பத்து மணிக்குப் படுங்கள். ஐந்துக்கு எழுந்து படியுங்கள். நான் பதினெட்டு வருடமாக அப்படித்தான். மனம் தெளிவாக இருக்கும், வீடும் அமைதியாக இருக்கும். கட்டுப்பாடு இருந்தால் முடியாதது இல்லை.

ரெட்டைவால்_அம்மா | செவ்வாய், இரவு 10:48

அதிகாலை அவர்களே, உங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இல்லை என்று நினைக்கிறேன். என் வீட்டில் இரண்டு இருக்கின்றன, இரட்டையர். நான் ஐந்துக்கு எழுந்தால் அவர்களும் ஐந்துக்கு எழுவார்கள். எப்படித்தான் தெரியுமோ.

காலை எழுந்ததிலிருந்து இரவு ஒன்பதரை வரை என் நேரத்தில் பத்து நிமிடம்கூட என்னுடையது இல்லை. குழந்தைகள் தூங்கி, பாத்திரம் கழுவி, மறுநாள் துணி எடுத்து வைத்த பிறகு கிடைக்கிற அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நான் யாருடைய அம்மாவும் இல்லை. அதில் தூங்கிவிட்டால், கண் திறந்ததும் மறுபடி வேலை. அந்த நாளில் நான் என்று ஒருத்தி இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும். தூக்கத்தைக் கொடுத்துத்தான் அந்த நேரத்தை வாங்குகிறேன். விலை அதிகம் என்று தெரிந்தேதான் வாங்குகிறேன்.

இதற்குச் சீனத்தில் ஒரு பெயரே இருக்கிறதாம்: பழிவாங்கும் இரவு விழிப்பு. பகலைத் தன்னிடமிருந்து பறித்தவர்கள் மேல் இரவில் பழிவாங்குவது. படித்தபோது சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை.

அதிகாலை | புதன், காலை 5:10

சகோதரி, மன்னிக்கவும். எனக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் சின்னவர்களாக இருந்தபோது நானும் ஐந்துக்கு எழவில்லை என்பதை என் மனைவி இப்போது நினைவுபடுத்தினாள். எழுந்து குழந்தையைப் பார்த்தது அவள்தானாம்.

இரவுப்பணி | புதன், காலை 9:40

சும்மா கிடைக்காத ஒப்புதல், வாழ்த்துகள்.

ரெட்டைவால்_அம்மா சொல்வதை ஆராய்ச்சிக்காரர்களும் பிடித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் இதற்குப் படுக்கை ஒத்திப்போடல் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். வெளியிலிருந்து எந்தக் காரணமும் தடுக்காதபோதும், தானே நினைத்த நேரத்துக்குப் படுக்கப் போகாமல் தள்ளுவது. இதை அவர்கள் தூக்கமின்மை நோயோடு சேர்க்கவில்லை. வேலையை, வரிக் கணக்கை, பல் மருத்துவரைத் தள்ளிப்போடுகிறோமே, அந்த வகையில்தான் சேர்த்தார்கள்.

நடுப்பக்கம் | புதன், இரவு 8:30

நான் இதிலிருந்து பாதி தப்பியவன். வழியைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். நடுவில் நிறுத்துங்கள்.

நாம் எல்லோரும் 'இந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுப் படுக்கலாம்' என்றுதான் சொல்கிறோம். அத்தியாயத்தின் முடிவு என்னவோ தங்குமிடம் மாதிரி. ஆனால் எழுதுகிறவர் அந்த இடத்தை நாம் தங்குவதற்காகவா கட்டியிருக்கிறார்? பழைய நாவல்களில் பல, வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. 'தொடரும்' என்று போடுவதற்கு முந்தின வரிக்கு ஒரே வேலைதான்: அடுத்த வாரமும் பத்திரிகையை வாங்க வைப்பது. அன்றைய வாசகர் ஏழு நாள் காத்திருந்தே ஆக வேண்டும், தூக்கத்துக்கு ஆபத்தில்லை. அதே கதையை ஒரே புத்தகமாகக் கட்டி நம் கையில் கொடுத்தால், பதினைந்து பக்கத்துக்கு ஒரு தூண்டில். காத்திருக்க வேண்டியதே இல்லை, பக்கத்தைத் திருப்பினால் போதும். தொடராக வராத இன்றைய மர்ம நாவல்காரர்களும் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றிருக்கிறார்கள்.

அதனால் நான் நேரம் ஆனதும், இருக்கிற பக்கத்தில் கதை எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே நிறுத்துகிறேன். யாரோ நடந்து போகிறார்கள், மழை பெய்கிறது, பழைய நினைவு ஒன்று வருகிறது. அப்படி ஓர் இடம் எந்த அத்தியாயத்தின் நடுவிலும் இருக்கும். முதல் வாரம் உடம்பெல்லாம் அரித்தது. பாதிச் சட்டையோடு வெளியே போகிற மாதிரி. அப்புறம் பழகிவிட்டது.

காகிதப்பூச்சி | புதன், இரவு 9:02

இது எனக்கு ஒத்து வராது. பாதியில் விட்ட வேலைதான் மனதில் அதிகம் சுற்றும் என்று உளவியலில் பிரபலமான ஒரு கருத்தே இருக்கிறதே, 1927இல் ஒரு பெண் ஆய்வாளர் சொன்னது. பாதியில் மூடினால் விளக்கை அணைத்த பிறகும் தலைக்குள் கதை ஓடும்.

நடுப்பக்கம் | புதன், இரவு 9:20

அந்த 1927 முடிவைப் பிறகு பலர் திரும்பச் செய்து பார்த்தபோது எப்போதும் அப்படியே வரவில்லை. அதே காலத்தில் இன்னொருவர் சொன்னது மட்டும் இன்னும் கொஞ்சம் உறுதியாக நிற்கிறது: பாதியில் விட்டதற்கு ஆட்கள் திரும்பி வரப் பார்ப்பார்கள். அது எனக்கு வசதிதான். மறுநாள் புத்தகத்துக்குத் திரும்புவதில் எனக்கென்ன கஷ்டம்?

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கத்தி ஓங்கியிருக்கும்போது நடுவில் நிறுத்தினாலும் தூங்க முடியாது. நடு என்பது முக்கியமில்லை. கேள்வி எதுவும் தொங்காத இடமாக இருக்க வேண்டும். அது பெரும்பாலும் நடுவில் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நெடுஞ்சாலை | வியாழன், அதிகாலை 4:35

சரக்கு வண்டி ஓட்டுகிறேன். ஓய்வெடுக்க நிறுத்துகிற இடங்களில் படிப்பேன். எனக்கு இந்தப் பழக்கத்தை நிறுத்தியது புத்தகமும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. ஒரு நாள் இரவு முழுக்க ஒரு நாவலை முடித்துவிட்டு மறுநாள் வண்டி எடுத்தேன். மதியம் ஒரு பாலத்தைத் தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது சாலையோரக் கோட்டின் மேல் சக்கரம் ஏறி வண்டி அதிர்ந்தது. நடுவில் எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது. கண் திறந்துதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஓட்ட வேண்டியிருந்தால் அன்று இரவு கதைப் புத்தகத்தைத் தொடுவதில்லை. கட்டுரை, பயணக் குறிப்பு, இப்படி நாலு பக்கத்தில் கண்ணைச் சுழற்றுகிறவை மட்டும்.

இரவுப்பணி | வியாழன், பகல் 12:10

நெடுஞ்சாலை அண்ணா, நல்ல வேளை. அதற்கு நுண் தூக்கம் என்று பெயர். சில விநாடிகள் மூளை போய்விட்டு வரும். காலையிலிருந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருந்தவர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2000இல் வந்தது. சில சோதனைகளில் அவர்கள், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருக்கிறவர்களின் அளவுக்கோ அதைவிட மோசமாகவோ செய்தார்கள். ஆறரைக்கு எழுந்து நள்ளிரவு தாண்டிப் படிக்கிற நம் எல்லோருக்கும் அந்த நேரம் தினமும் வருகிறது. படுக்கையில் இருக்கும்வரை புத்தகம் மூக்கில் விழும், அவ்வளவுதான். ஸ்டியரிங் பிடித்திருந்தால் கதை வேறு.

ஓய்வுபெற்றவன் | வியாழன், மாலை 6:00

வயது 68. என் கதை தலைகீழ். பத்துக்குத் தூங்கி 2 மணிக்கு விழித்துவிடுகிறேன். மறுபடி தூக்கம் வருவதில்லை. வேறு வழியில்லாமல் விடியும்வரை படிக்கிறேன். பிள்ளைகள் 'படித்துப் படித்துத்தான் தூக்கம் போகிறது' என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரவுப்பணி | வியாழன், இரவு 7:45

ஐயா, உங்களுடையது வேறு பிரச்சினை. மூன்றாம்ஜாமத்துக்குத் தூக்கம் வருகிறது, அவர் இடம் கொடுப்பதில்லை. நீங்கள் இடம் கொடுக்கிறீர்கள், அது வருவதில்லை. ஆலோசனையும் வேறு.

உங்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் 'படுக்கையில் படிக்காதே' என்ற விதி வந்தது. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் சொன்னது. படுக்கையை மூளை தூக்கத்தோடு மட்டும் முடிச்சுப் போட வேண்டும். அதனால் கிட்டத்தட்ட இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்த பிறகே படுக்கைக்கு வாருங்கள், எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள். அங்கே நாற்காலியில் படிக்கலாம், படுத்துக்கொண்டு வேண்டாம். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த மாதிரி நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் தரச் சொன்னது. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக இப்படி என்றால் மருத்துவரைப் பாருங்கள். குறட்டை, மூச்சுத் திணறல், இரவில் அடிக்கடி சிறுநீர், புதிதாகத் தொடங்கிய மருந்து எதுவானாலும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மற்றவர்கள் இதைப் படித்துவிட்டுப் படுக்கையிலிருந்து புத்தகத்தைத் துரத்த வேண்டியதில்லை. அயர்லாந்தில் 2019இல் 991 பேரை வைத்து இதையே சோதித்தார்கள். ஒரு வாரம் படுக்கையில் படித்துவிட்டுத் தூங்கியவர்களில் 42 சதவீதம் பேர் தூக்கம் மேம்பட்டது என்றார்கள். படிக்காதவர்களில் 28 சதவீதம். ஆகப் படுக்கையில் படிப்பது தூக்கத்துக்குப் பகை இல்லை. மூடத் தெரிய வேண்டும்.

காகிதப்பூச்சி | வியாழன், இரவு 8:15

எல்லோரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் புத்தகத்தின் பக்கமிருந்து ஒரு கேள்வி கேட்கிறேன். இரவு ஒன்றரை மணிக்குப் படித்த பக்கங்கள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நாவல்களின் முதல் பாதி பளிச்சென்று நினைவிருக்கும், முடிவு மங்கலாக இருக்கும். என் ஞாபகசக்திதான் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் உறைக்கிறது: முடிவுகளை எல்லாம் நள்ளிரவு தாண்டித்தான் படித்திருக்கிறேன்.

இரவுப்பணி | வியாழன், இரவு 8:40

இருக்கும். கலங்கிய நிலையில் உள்ளே போவதே குறைவு. போனதும் நிற்க வேண்டுமே. 1924லேயே இரண்டு மாணவர்களைப் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்து, சில நாள் தூங்கவிட்டும் சில நாள் விழித்திருக்க வைத்தும் பார்த்தார்கள். தூங்கி எழுந்தபோது மறதி குறைவாக இருந்தது. இரண்டே பேர்தான், ஆனால் அதற்குப் பிறகு நூறு வருடமாக அந்தத் திசையில்தான் சான்று சேர்ந்திருக்கிறது. படித்ததை மூளை அடுக்கி வைக்கிற நேரத்தைத் திருடித்தான் நாம் இன்னும் படிக்கிறோம்.

மூன்றாம்ஜாமம் | மூன்று வாரம் கழித்து, சனி, காலை 10:30

மன்னிக்கவும், பதில் போட நாளாகிவிட்டது. நடுப்பக்கம் சொன்னதை 21 இரவு செய்து பார்த்துக் கணக்கு எழுதி வைத்தேன். எழுதாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

14 இரவு பன்னிரண்டேகாலுக்குள் விளக்கு அணைந்தது. நாலு இரவு ஒரு மணிக்குள். மூன்று இரவு இரண்டைத் தாண்டிவிட்டது. அந்த மூன்றையும் எடுத்துப் பார்த்தால், மூன்றும் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அறுபது பக்கம். அங்கே மூச்சு விடுகிற இடமே இல்லை, நடுவும் இல்லை, எல்லாம் சரிவுதான். அதனால் இப்போது விதியை மாற்றியிருக்கிறேன். கடைசி அறுபது பக்கத்துக்கு வந்துவிட்டால் புத்தகத்தை மூடி வரவேற்பறையில் வைத்துவிட வேண்டும். விடுமுறை நாள் பகலில்தான் முடிக்க வேண்டும். நேற்று இரவு ஒன்றை அப்படி வைத்தேன். இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாரக் கடைசியில் பதினொரு மணி வரை தூங்கி ஈடுகட்டுவதையும் விட்டேன். அது ஞாயிறு இரவுத் தூக்கத்தைத்தான் தின்றுகொண்டிருந்தது.

காகிதப்பூச்சி கேட்ட கேள்வி என்னைத் தொந்தரவு செய்தது. போன வருடம் இரவு மூன்று மணிக்கு அழுதுகொண்டே முடித்த ஒரு நாவலின் கடைசி மூன்று அத்தியாயத்தை இன்று காலை வெயிலில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். அண்ணன் தம்பிக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்புகிறான், அதுதான் முடிவு என்று ஒரு வருடமாகப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை எழுதுகிறான். மடித்து மேசைக்குள் வைக்கிறான். அனுப்பவே இல்லை.

ரெட்டைவால்_அம்மா | சனி, பகல் 2:20

ஐயோ. அப்படியானால் அது வேறு நாவல்!

என் பக்கச் செய்தி: வாரத்தில் இரண்டு நாள் மாலை ஏழு முதல் எட்டு வரை குழந்தைகளை அவர்கள் அப்பா பார்த்துக்கொள்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன். அந்த இரண்டு நாளும் பத்தரைக்கே தூங்கிவிடுகிறேன், யாரும் சொல்லாமலே. மற்ற ஐந்து நாளும் பழைய கதைதான்.

நெடுஞ்சாலை | சனி, மாலை 5:05

அந்தக் கடித நாவல் பெயர் என்ன?

மூன்றாம்ஜாமம் | சனி, மாலை 5:30

நாளைக்கு உங்களுக்கு வண்டி இருக்கிறதா?

நெடுஞ்சாலை | சனி, மாலை 5:34

இருக்கிறது. புதன்கிழமை வரை.

மூன்றாம்ஜாமம் | சனி, மாலை 5:36

புதன் இரவு சொல்கிறேன், அண்ணா.